பொம்மை வார்டும் சித்தியின் கைகளும்

என் சித்தி கை வைத்தால் செத்தவன் எழுந்து உட்கார்ந்து தலை சீவிக்கொள்வான். அவள் ஊசி போட்டால் ஊசிக்குத்தான் வலிக்கும். அவள் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாலே காய்ச்சல் பின்வாசல் வழியாக ஓடிவிடும். இதுவரை பிறந்த நர்ஸுகள், இனிமேல் பிறக்கப்போகிற நர்ஸுகள் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் சித்தியின் இடது கைச் சுண்டுவிரலை மட்டும் வைத்தால், நர்ஸுகள் அத்தனை பேரும் மேலே போய் மின்விசிறியில் தலையை இடித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் சத்தியம். குறுக்கே நிற்பது ஒரே ஒரு சின்ன விஷயம்தான். நான் சொல்லப்போகிற சமயத்தில் சித்தி நர்ஸே இல்லை. நர்ஸிங் கல்லூரியில் முதல் வருஷம். அதுவும் செய்முறைத் தேர்வில் ஃபெயில்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை என்பதால் நான் சித்தி வீட்டில் வளர்கிறேன். “வளர்றாள்னு யார் சொன்னது, நீளுறா” என்பார் சித்தப்பா. அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒரு நாளைக்கு நாலைந்து வாக்கியம்தான் பேசுவார். அதில் பாதி என்னைப் பற்றியதாக இருக்கும். நான் பத்தாம் வகுப்பில் கணக்கோடு மனஸ்தாபமாகி வெளியே வந்தவள். ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றுகிறேன். மீதி நேரத்தில் விஷமம் செய்கிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது, ஆனால் மனநிறைவு உண்டு. சித்தி என்னை வாலு என்று கூப்பிடுவாள்.

கல்லூரியில் சேர்வதற்கு முன்னால் சித்தி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கம் அந்த வண்டியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். சித்தியின் உலகமே அந்தப் பிரேக்கில்தான் ஓடியது. ஒருநாள், சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டீயரிங் பிடித்திருந்த ஒரு பெரிய மனிதர் பேசிக்கொண்டே மயங்கிச் சாய்ந்துவிட்டார். சித்தி ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, தன் பிரேக்கை மிதித்து, வண்டியை ஓரம் கட்டினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் பிழைத்துக்கொண்டார். எல்லாரும் சித்தியைப் பாராட்டினார்கள். அன்று சாப்பிடும்போது சித்தி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

“வண்டிய நிறுத்தினது பெரிய விஷயமில்லங்க. நிறுத்தினதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன் பாருங்க. அதான் ஒரு மாதிரி இருக்கு.”

“தெரிஞ்சுக்கோ,” என்றார் சித்தப்பா. அன்றைய கோட்டாவில் அது ஒன்று.

அவ்வளவுதான், முப்பத்தாறு வயதில் சித்தி நர்ஸிங் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். சித்தி என்ன செய்வதென்று தெரியாமல், “உக்காருங்க உக்காருங்க” என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனாளாம். அதற்கப்புறம் அவளுக்கு அங்கே பெயர் மேடம். நிஜமான மேடத்துக்குப் பெயர் டீச்சர்.

அந்த டீச்சர்தான் பொம்மை வார்டைக் காட்டியது. கல்லூரி அதற்கு வைத்த பெயர் மெய்நிகர் மருத்துவமனை. நீளமான பெயர், சொல்லி முடிப்பதற்குள் நோயாளிக்குக் குணமாகிவிடும். கம்ப்யூட்டரைத் திறந்து பாஸ்வேர்டு போட்டால் ஒரு ஆஸ்பத்திரி வரும். நடைபாதை, கதவு, கட்டில், திரைச்சீலை, சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் இருக்கும். நமக்கென்று ஒரு நர்ஸ் பொம்மை. அதை நடக்கவிட்டு, நோயாளி பொம்மையிடம் பேசவைத்து, நாடி பார்க்கவைத்து, கட்டுப் போடவைக்கலாம். வீட்டிலிருந்தே போகலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். டீச்சர் சொன்னதைச் சித்தி அப்படியே வந்து எங்களிடம் நடித்துக் காட்டினாள்.

“அங்க நான் இருக்க மாட்டேன். நீங்களே போங்க, நீங்களே தப்பு பண்ணுங்க, ஏன் தப்பாச்சுன்னு நீங்களே கண்டுபிடிங்க. தெரியலன்னா புத்தகத்தப் பாருங்க, திரும்பப் போங்க. அங்க யாரும் சாக மாட்டாங்க.”

“நல்ல ஆஸ்பத்திரி,” என்றார் சித்தப்பா.

கடையில் யாரோ கழித்துவிட்டுப் போன ஒரு லேப்டாப்பை நான் சரி பண்ணிக் கொண்டுவந்தேன். மூடி நிற்காது, பின்னால் ஒரு டப்பாவை முட்டுக் கொடுக்க வேண்டும். அதைச் சமையலறை மேஜையில் வைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் பொம்மை நடக்கும், எதை அழுத்தினால் திரும்பும் என்று சொல்லிக்கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சித்திக்கு நான் டிரைவிங் சொல்லிக்கொடுத்தேன். அந்தச் சந்தர்ப்பத்தை நான் வீணாக்கவில்லை.

“கண்ணாடியப் பாரு. பின்னாடி வீல்சேர் வருது. இண்டிகேட்டர் போட்டியா?”

“இதுல இண்டிகேட்டர் இல்லடி.”

“அப்போ கைய வெளிய நீட்டு.”

சித்தி நிஜமாகவே கையை நீட்டிவிட்டாள். சித்தப்பா டீயைத் துப்பினார்.

அவள் ஓட்டிய அழகை எழுதி முடியாது. நர்ஸ் பொம்மையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நேராகக் கொண்டுபோய் நிறுத்தத் தெரியாமல், முன்னால் போய், ரிவர்ஸ் எடுத்து, இரண்டு கட்டிலுக்கு நடுவே கார் பார்க் பண்ணுவதுபோல நிறுத்துவாள். பொம்மை சுவரில் இடிக்கப்போகும்போதெல்லாம் மேஜைக்கு அடியில் அவள் கால் தரையை மிதிக்கும். நோயாளி பொம்மைகள் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்ததைத்தான் பேசும். “எனக்கு மூச்சு வாங்குகிறது” என்று ஒன்று சொன்னதும் சித்தி பதறிப்போய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சித்தி விடாமல் போனாள். காய் நறுக்கிவிட்டுப் போவாள், துணி காயப்போட்டுவிட்டுப் போவாள். ஒரே நோயாளிக்கு ஒரே கட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாள். முதல் தடவை கட்டு இறுகி, பொம்மையின் கால்விரல் நீலமாகிவிட்டது. புத்தகத்தை எடுத்துப் படித்தாள், மறுபடி போட்டாள். இந்தத் தடவை லொடலொடவென்று கழன்றது. மறுபடி புத்தகம். டிரைவிங் ஸ்கூலில் தப்புச் செய்கிறவர்களை அந்தத் திட்டுத் திட்டுகிறவள், இங்கே தன் தப்பை மட்டும், “சரி, இன்னொரு ரவுண்டு” என்று சொல்லி எடுத்துக்கொண்டாள். அவள் அப்படி மேஜையில் குனிந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்யும். அப்படிச் செய்யும்போதெல்லாம் நான் ஏதாவது விஷமம் பண்ணிவிடுவேன். அதுதான் என் மருந்து.

பொம்மை வார்டில் இன்னொரு வசதி இருந்தது. கம்ப்யூட்டர் நோயாளி அலுத்துவிட்டால், வெளியாட்களும் நோயாளியாக வந்து படுத்துக்கொள்ளலாம். வீட்டு ஆட்கள், ரிட்டையர் ஆனவர்கள், யார் வேண்டுமானாலும். என்ன வியாதி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு, கேட்கும் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சித்தி என்னைக் கூப்பிட்டாள். பாவம்.

“எங்க வலிக்குது?” என்று சித்தி கேட்பாள்.

“பக்கத்துக் கட்டில்ல.”

“எத்தன நாளா வலிக்குது?”

“நாளையிலேர்ந்து.”

கால் உடைந்த நோயாளியாகப் படுத்துக்கொண்டு, அவள் திரும்பிய நேரம் எழுந்து ஓடி, ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் போய் நின்றேன். மாரடைப்பு வந்து செத்துப்போனேன். சித்தி நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து, ஒரு டீ கேட்டேன். அன்றைக்குத்தான் அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

“எனக்கு அடுத்த வாரம் பரீட்சை. உனக்கு எல்லாம் விளையாட்டு. உன்ன டிஸ்சார்ஜ் பண்ணிட்டேன், போ.”

“குணமாகாம டிஸ்சார்ஜ் பண்ணலாமா சித்தி?”

“உனக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் குணமாகாது.”

அதற்கப்புறம் நான் வார்டு பக்கம் போகவில்லை. சித்தி தனியாகவே கம்ப்யூட்டர் நோயாளிகளோடு பயிற்சி எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போனாள்.

தேர்வில் நடந்ததை இப்போது சொல்கிறேன். சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். நான் சிரிக்க மாட்டேன். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் நர்ஸ் கை கழுவ வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். பொம்மை வார்டில் இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. கதவுக்கு உள்ளே கை கழுவும் தொட்டி இருக்கும், அதன் முன்னால் தரையில் நீலநிற ஒளி வட்டம் இருக்கும். அதில் போய் ஒரு கணம் நின்றால் போதும், ஸ்ஸ் என்று சத்தம் வந்து பொம்மையின் கை மினுங்கும். கழுவியாயிற்று. சித்தி எத்தனை நூறு தடவை அந்த வட்டத்தில் நின்றிருப்பாளோ.

நிஜத் தேர்வு அறையிலும் கதவுக்கு உள்ளே ஒரு தொட்டி இருந்தது. சித்தி உள்ளே போனாள். தொட்டிக்கு முன்னால் சரியாக நின்றாள். ஒரு கணம். அப்புறம் நேராகக் கட்டிலுக்குப் போய், நோயாளியாக நடித்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

“நிறுத்துங்க,” என்றாராம் டீச்சர். “நீங்க கை கழுவல.”

“கழுவினேனே டீச்சர்.”

அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே கழுவியதாகத்தான் நினைத்தாள். கையை விரித்துக் காட்டினாள். காய்ந்த கை. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்தாள்.

“இன்னும் ஒரு தடவதான் சான்ஸ் குடுப்பாங்க. அதுவும் போச்சுன்னா சீட்டு போச்சு. டிரைவிங் ஸ்கூல்ல எடத்தக் காலியா வெச்சிருக்கேன், வந்துடுன்னு ஓனர் சொல்லிக்கிட்டேதான் இருக்காரு.”

“போறியா?” என்றார் சித்தப்பா.

“போனா அந்தச் சிக்னல் வழியாத்தான் தினம் போகணும்.” அவ்வளவுதான் சொன்னாள். அந்த மனிதர் மயங்கிச் சாய்ந்தபோது அவள் வண்டியை நிறுத்தின இடம் அது.

பொம்மை வார்டே வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. இரண்டு நாள் லேப்டாப்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள் திறந்து, “கெட்ட பழக்கம் எங்க வந்துச்சோ அங்கதான் போய்த் தொலைக்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெளியாட்களுக்குத் தன் வார்டுக் கதவைத் திறந்து வைத்தாள். அறிவிப்புப் பலகையில், “முதல் வருஷ மாணவி, நோயாளிகள் தேவை, பொறுமை உள்ளவர்கள் மட்டும்” என்று போட்டாள்.

பொறுமை உள்ளவர்கள் யாரும் வரவில்லை. ஒரு பெரியவர் மட்டும் வந்தார்.

பெரிய மீசை, வழுக்கைத் தலை, கையில் ஒரு குடை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் குடையை விடமாட்டார். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். அவர் வேறு யாருமில்லை, சமையலறைக்கு அடுத்த அறையில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு போனில் பெரியவரை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த நான்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி, மேஜை, குழாய்.

முதல் நாளே நர்ஸ் பொம்மை நீல வட்டத்தில் நின்று, கை மினுங்க, என் கட்டிலுக்கு வந்தது. நான் எழுதினேன்.

“கிட்ட வராத. அந்த வெளிச்சத்த நான் நம்ப மாட்டேன்.”

“ஏன் ஐயா?”

“வெளிச்சத்துல நின்னா கை சுத்தமாயிடுமா? நீ நெசமா எந்திரிச்சுப் போய், உன் வீட்டுக் குழாயில சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. அப்புறம் என் காலத் தொடு.”

 சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. குழாய் திறந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு நீளமான சத்தம். போர்வைக்குள் நான் என் முஷ்டியைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பை அடக்கத்தான்.

இப்படித்தான் நடந்தது. தினமும் சாயங்காலம் பெரியவர் வருவார். நர்ஸ் வட்டத்தில் நிற்பாள், பெரியவர் முறைப்பார், குழாய் திறக்கும். கட்டுப் போட ஒரு தடவை, கட்டைத் தொட்டுவிட்டு நாடி பார்க்கப் போனால் இன்னொரு தடவை. ஒருநாள் சித்தி சோம்பல் பட்டு, நாற்காலியைச் சும்மா நகர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“கழுவிட்டேன் ஐயா.”

“கழுவல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மாட்டிக்கொண்டோமோ என்று ஆகிவிட்டது. “வயசானா தெரியும்” என்று எழுதினேன். குழாய் திறந்தது.

சித்தி ஒற்றை விரலால் தட்டுகிறவள். தட்டும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லுவாள். அதனால் எழுத்து போனில் வருவதற்கு முன்பே எனக்குச் சுவர் வழியாகக் கேட்டுவிடும். தெரியாததுபோலக் காத்திருக்க வேண்டும். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான நடிப்பு. ஒரு தடவை பொறுமையில்லாமல், அவள் “ராத்திரி தூக்கம்” வரைக்கும் தட்டும்போதே, “எங்க வருது” என்று பதில் அனுப்பிவிட்டேன். சித்தி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பெரியவர் தொல்லைபிடித்த ஆள்தான். ஊசி என்றால் குடையை விரித்துக்கொள்வார். சர்க்கரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார். ஆனால் முன்புபோல மாடிக்கு ஓடவில்லை, செத்துப் பிழைக்கவில்லை. என் புண் ஆறுகிற மாதிரியும், ஒருநாள் திடீரென்று மோசமாகிற மாதிரியும் அமைத்துக்கொண்டேன். மோசமான அன்று சித்தி கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இது தெரியல ஐயா. தெரியாம கை வைக்க மாட்டேன். படிச்சுட்டு வரேன், கொஞ்சம் படுத்திருங்க” என்று எழுதினாள். பக்கம் புரட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் படுத்தே இருந்தேன். திரும்பி வந்து, எதற்காகச் சீழ் வருகிறது, யாரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளக்கினாள். பாதி எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவ்வளவு புரிந்ததில்லை.

இன்னொரு நாள் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“உங்களப் பாத்துக்க வீட்டுல யாரு இருக்காங்க ஐயா?”

“ஒரு பொண்ணு இருக்கு. உருப்படாதது.”

“எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. படிப்பு வரலன்னு அதுவே சொல்லிக்கும். ஆனா இந்தக் கம்ப்யூட்டர எனக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான். ஒரு தடவ கூடச் சலிச்சுக்கல.”

இதைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.  பெரியவர் குடையை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

மறுதேர்வு நாளன்று நானும் கூடப் போனேன். “நீ எதுக்கு?” என்றாள் சித்தி. “வேடிக்க பாக்க” என்றேன். நடைபாதையில் நீளமான பெஞ்சு. உள்ளே பார்க்க முடியாத மங்கல் கண்ணாடி போட்ட கதவு. டீச்சர் வெளியே வந்து பிள்ளைகளிடம் சொன்னார்.

“இந்தத் தடவ யாரையும் நடுவுல நிறுத்த மாட்டோம். முழுசாப் பண்ணுங்க. முடிஞ்சதும் ரிசல்ட் சொல்லிடுவோம்.”

சித்திக்கு முன்னால் ஒரு பெண் போனாள். நான் பெஞ்சில் கதவோரமாக நகர்ந்து காதைத் தீட்டினேன். குழாய் திறந்தது, தண்ணீர் சளசளவென்று கொட்டியது. இவ்வளவு நாள் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு, என் காது அதில் டிகிரி வாங்கியிருந்தது. அந்தப் பெண் கட்டைவிரலைச் சரியாகக் கழுவவில்லை என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

அப்புறம் சித்தி போனாள். கதவு மூடியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

சத்தம் இல்லை.

தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு. மறுபடி சத்தம் இல்லை. வட்டத்தில் நிற்கிறாள், எனக்குக் கண்ணில் தெரிந்தது. சித்தி, குழாய், குழாய் என்று மனசுக்குள் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் நிதானமாகக் கேட்டது. “வணக்கங்க. உங்க பேரு, பிறந்த தேதி சொல்லுங்க.” கட்டிலுக்குப் போய்விட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை.

மீதியை நான் கேட்கவில்லை. எதிர்ச் சுவரில், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. லைசென்ஸ் டெஸ்டில் ஃபெயிலானவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரும்பி ஓட்டிக்கொண்டு வருகிற முகம்.

“வீட்டுக்குப் போலாம்.”

“என்னாச்சு சித்தி?”

“பசிக்குது.”

வழி முழுக்க நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள், நன்றாகவே சாப்பிட்டாள். துக்கத்தில் சிலர் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, லேப்டாப்புக்கு டப்பாவை முட்டுக் கொடுத்துத் திறந்தாள்.

“பெரியவர் வந்திருப்பாரு. ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன்,” என்றாள், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி.

நான் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து, அறைக்குள் போனதும் பாய்ந்து போர்வைக்குள் புகுந்தேன்.

நர்ஸ் பொம்மை கதவு வழியாக வந்தது. வட்டத்தில் நின்றது. நான் முறைக்கவில்லை. இன்றைக்கு எப்படிக் கேட்பது? சித்தி தட்டினாள்.

“எப்படி இருக்கீங்க ஐயா?”

எனக்கு வந்ததையெல்லாம் எழுதினேன். யோசிக்கவில்லை.

“நான் நல்லா இருக்கேன்மா. நீ மனச விட்றாத. பரீட்சையெல்லாம் என்ன பெரிய பரீட்சை. அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. நீ அன்னைக்கு, தெரியாம கை வைக்க மாட்டேன்னு சொன்ன பாரு, அதுக்கே உனக்கு மார்க் போடணும். திரும்பக் கார் ஓட்டக் கத்துக் குடுக்கப் போனாலும் எனக்கு நீதான் நர்ஸு. வேற யாரையும் காலத் தொட விட மாட்டேன்.”

அனுப்பினேன். நர்ஸ் பொம்மை அசையாமல் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் இல்லை. நெட் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன்.

“ஐயா,” என்று குரல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்ல. என் தலைமாட்டிலிருந்து. “நான் கார் ஓட்டக் கத்துக் குடுத்தத உங்ககிட்ட எப்போ சொன்னேன்?”

நான் போர்வையை விலக்கவில்லை. “பேஷண்ட் தூங்குறாரு,” என்றேன்.

போர்வை போய்விட்டது. சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். போனில் பெரியவர் குடையோடு இளித்துக்கொண்டிருந்தார்.

“எப்போலேர்ந்து தெரியும்?” என்றேன்.

“நான் பாதி தட்டுறதுக்குள்ள பதில் சொன்னியே, அன்னைக்கே.”

“அப்போ ஏன் சொல்லல?”

“இந்தக் காலத்துல நல்ல பேஷண்ட் கிடைக்கிறதே கஷ்டம்டி.” கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “இப்ப நீ சொல்லு. நான் ஃபெயில்னு உனக்கு யாரு சொன்னா?”

“கதவுக்கு வெளிய இருந்தேன். தண்ணி சத்தமே கேக்கல. நீ கழுவல.”

சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வண்டியை எடுக்கும்போது குலுங்குமே, அப்படிக் குலுங்கினாள்.

“கொழாயத் திறந்தேன், தண்ணி வரல. மோட்டார் ஏதோ மக்கர் பண்ணிடுச்சாம். முன்னாடி போன பொண்ணோட தண்ணி காலி. நின்னேன். பழைய ஆளா இருந்தா அப்படியே போயிருப்பேன். டீச்சர், தண்ணி வரல, கை தேய்க்கிற மருந்து பாட்டில் குடுங்க, அது இல்லாம நான் தொட மாட்டேன்னு சொன்னேன். டீச்சரும் கூட மார்க் போட உக்காந்திருந்தவங்களும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தேடி எடுத்துக் குடுத்தாங்க. அதுக்கு எங்கடி சத்தம் வரும்? விரல் இடுக்கு, கட்டவிரல் எல்லாம் தேய்ச்சு, காயுற வரைக்கும் நின்னுட்டுத்தான் போனேன்.”

“அப்போ?”

“பாஸ்.”

“முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா இந்தப் பெரியவர் இவ்வளவு பேசியிருப்பாரா?”

சமையலறையிலிருந்து சித்தப்பா, “என்ன அங்க சத்தம்?” என்றார். “ஒரு பேஷண்ட்டுக்கு மயக்கம் தெளிஞ்சிருக்கு,” என்று சித்தி கத்தினாள்.

நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைக் கசக்கினேன்.

“என்னடி?”

“ஒண்ணுமில்ல. தூசி விழுந்துடுச்சு.”

“எந்தக் கண்ணுல?”

“ரெண்டுலயும்.”

சித்தி எழுந்து போனாள். குழாய் திறந்தது, நிதானமாக ஓடியது, நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு விரலால் கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்ளே பார்த்தாள். வலது கண். அப்புறம் இடது கண். அவசரமே இல்லாமல், டீச்சர் பக்கத்தில் நிற்பதுபோல.

“தூசி இல்ல,” என்றாள்.